பொமாரா, வோல்னேயா?

பிரான்சின் ஒயின் வட்டாரமான பர்கண்டியில் போன் நகரைத் தாண்டித் தெற்கே சென்றால் முதலில் வரும் ஒயின் ஊர் பொமார். அதை ஒட்டியே வோல்னே. இரண்டிலும் பினோ நுவார் திராட்சைதான். அங்கே தோட்டங்களுக்குரிய மிக உயர்ந்த தகுதியான கிராண் க்ரு பெற்ற தோட்டம் இரண்டிலும் இல்லை, அதற்கு அடுத்த படியான பிரெமியே க்ருதான் உச்சம். சென்ற குளிர்காலத்தில் ஆறு புட்டிகள் வாங்கச் சென்ற நான், நெடுநேரத் தயக்கத்துக்குப் பிறகு ஆறையும் வோல்னேயாகவே எடுத்து வந்தேன்.

பொமாரின் மண்ணில் களிமண்ணும் இரும்பும் மிகுதி என்பதால் ஒயின் திடமாகவும் கருஞ்செம்மையாகவும் அமைகிறது. சுண்ணாம்பு மேலோங்கிய வோல்னே நிலத்தில் விளைவது மெல்லியது. அகன்ற வயிற்றுக் கோப்பையில் மூன்றிலொரு பங்கு ஊற்றி, வெள்ளைத் துணிக்கு மேலே சாய்த்துப் பார்த்தால் வோல்னேயின் விளிம்பு மாதுளைச் சாற்றைப்போல் வெளிறித் தெரியும். அதைக் கண்டு நீர்த்த சரக்கென்று எண்ணிவிடக் கூடாது; பினோ நுவாரின் தோல் மெல்லியது, நிறம் அவ்வளவுதான் இறங்கும். 16 பாகை செல்சியஸ் அளவில் முகர்ந்தால் முதலில் செர்ரி, ராஸ்பெரி; கோப்பையை இருமுறை சுழற்றிய பின் ஊதாப்பூவின் மணம். விழுங்கிய பிறகும் அந்த மணம் தொண்டையிலிருந்து திரும்பி வருவதற்காகவே நான் அடுத்த மிடறைத் தள்ளிப்போடுகிறேன்.

எனினும் என் தேர்வை முடிவுசெய்தது மணமன்று, காத்திருப்பு. இளம் பொமாரின் துவர்ப்பு ஈறுகளை இறுக்கிப் பிடிக்கும். நல்ல தோட்டத்துப் புட்டியாயின் அது தணியப் பத்தாண்டுகள்கூட ஆகலாம். அத்தனை காலமும் புட்டியை 12, 13 பாகையில், வெளிச்சமும் அதிர்வும் படாமல், தக்கை உலராதவாறு படுக்கவைத்துக் காக்க வேண்டும். நிலவறையற்ற அடுக்குமாடி வீட்டில், கோடையில் 30 பாகையைத் தொடும் அறையில், அது நடக்காது. குளிர்பேழை வாங்கினால் இடத்துக்கும் மின்சாரத்துக்கும் தனிக் கணக்குப் போட வேண்டும். வோல்னேயும் முதிரும்தான், ஆனால் ஐந்தாறு ஆண்டுகளிலேயே திறந்தாலும் அது முகம் சுளிக்க வைப்பதில்லை.

இருபதாண்டு கடந்த பொமாரை ஒரே ஒருமுறை, நண்பர் வீட்டு விருந்தில் அருந்தியிருக்கிறேன். ஈர இலையும் காளானும் பதனிட்ட தோலும் கலந்த அதன் மணத்துக்கு இணையாக என் வோல்னே எதையும் இன்னும் தரவில்லை. ஆனால் ஒரு புட்டியைக்கொண்டு ஓர் ஊரையே எடைபோட நான் துணியமாட்டேன். தயாரிப்பவர் கை மாறினால் மென்மையான பொமாரும் முறைப்பான வோல்னேயும் கிடைக்கவே செய்கின்றன. நிலவறை உள்ளவர்கள் பொமாரையே வாங்கலாம்.