மக்னோலியா வாங்கலாமான்னு கேட்டா நான் என்ன சொல்றது, நேத்து ராத்திரி மைனஸ் மூணு

கார்டன் சென்டர்ல மக்னோலியா பாதி விலைக்கு போட்டிருக்காங்க, ஆளுயரம் இருக்கு, பூவோட இருக்கு, தூக்கிட்டு வந்துடவா அக்கான்னு ஆபீஸ்ல கூட வேலை பாக்குற பொண்ணு போட்டோ அனுப்பியிருந்தா. கேட்ட நேரம் சரியில்ல. முந்தின ராத்திரிதான் மைனஸ் மூணு வரைக்கும் போய் எங்க வீட்டு மரம் மொத்தமும் பழுப்பாயிடுச்சு. அதனால இத படிக்கிறவங்க என் கோவத்த கொஞ்சம் கழிச்சுக்கிட்டு படிங்க.

எங்க வீடு லண்டன்ல ஹாரோ பக்கம், 1930கள்ல கட்டின செமி, அதாவது ஒரு பக்கச் சுவர் பக்கத்து வீட்டோட ஒட்டினது, மண்ணு லண்டன் களிமண்ணு. மரம் சூலாஞ்சியானா, இந்த ஊர்ல பாதி வீட்டு வாசல்ல நிக்குமே அதே வெள்ளையும் ரோஸும் கலந்த ரகம். வச்சு பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு, மாடி ஜன்னல எட்டிடுச்சு. குழி எவ்ளோ, மண்ணு எப்படி, வேர தொடாத, அதெல்லாம் லேபிள்லயே இருக்கும், உண்மைய சொன்னா களிமண்ணுலயும் இது நல்லாவே வளருது, அதுல குறையே இல்ல. என் பிரச்சனை ஒண்ணே ஒண்ணுதான், இது பூக்குற தேதி.

போன கோடையிலயே மொட்டு வச்சுடும். குளிர்காலம் பூரா சாம்பல் கலர்ல ரோமம் போர்த்திக்கிட்டு அந்த மொட்டு மொட்டக்கிளையில உக்காந்திருக்கும், அப்ப மைனஸ் அஞ்சு வந்தாலும் ஆறு வந்தாலும் அசராது. ஆனா பிப்ரவரி கடைசியில நாலு நாள் வெயில் அடிச்சா போதும், அந்த போர்வைய கழட்டி போட்டுடும். கழட்டினதுக்கு அப்புறம் மைனஸ் ரெண்டுக்கே காலி. லண்டன்ல ஏப்ரல் கடைசி வரைக்கும் ஃப்ராஸ்ட், அதான் உறைபனி, வரலாம்னு இங்க இருக்குற எல்லாருக்கும் தெரியும், இந்த மரத்துக்கு மட்டும் தெரியாது. குளிர்காலம் எவ்ளோ இதமா இருக்கோ அவ்ளோ சீக்கிரம் ஏமாறும்.

2021 ஞாபகம் இருக்கா? அந்த ஏப்ரல்ல பிரிட்டன் முழுக்க சராசரியா 13 ராத்திரி ஏர் ஃப்ராஸ்ட், அதாவது காத்தோட வெப்பநிலையே பூஜ்யத்துக்கு கீழ, 60 வருஷத்துல எந்த ஏப்ரல்லயும் அவ்ளோ இல்லையாம். லாக்டவுன்ல வீட்டுலயே கிடந்து, இந்த வருஷமாவது முழுசா பாக்கலாம்னு ஜன்னல் பக்கத்துல மேஜைய இழுத்து போட்டு வேலை பாத்துட்டிருந்தேன். ஒவ்வொரு ராத்திரியும் ஒரு கிளை போச்சு. கருகின இதழ் கீழயும் விழாது, அதான் எரிச்சலே, வாழைப்பழத் தோல் மாதிரி கறுத்துப்போய் கிளையிலயே தொங்கும், இலை வந்து மறைக்கிற வரைக்கும் தினமும் அத பாத்துட்டுதான் வாசல் தாண்டணும்.

ஏன் இப்படின்னு தேடிப் பாத்தா இது பிறவிக் கோளாறு. நெப்போலியன் படையில குதிரைப்படை அதிகாரியா இருந்த சூலான்ஜ் போதான்னு ஒருத்தர், சண்டையெல்லாம் முடிஞ்சு பாரிஸ் பக்கத்துல ஃப்ரோமான்ல தோட்டம் போட்டு உக்காந்தவர், 1820ல ரெண்டு சீன மக்னோலியாவ கலந்து விட்டிருக்கார். ஒண்ணு வெள்ளை, டெனுடாட்டா, வசந்தம் பொறக்கறதுக்கு முன்னாடியே பூக்குறது. இன்னொண்ணு ஊதா, லிலிஃப்ளோரா, நிதானமா லேட்டா பூக்குறது. 1826ல கலப்பு மரம் முதல் தடவ பூத்துச்சு. கலர அப்பாகிட்டேர்ந்து எடுத்துக்கிட்டு அவசரத்த மட்டும் அம்மாகிட்டேர்ந்து எடுத்துக்கிச்சு. 200 வருஷமா ஐரோப்பாவே இந்த மரத்த நட்டு ஒவ்வொரு ஏப்ரலும் புலம்பிட்டிருக்கு.

இதழ் தடிமனா இருக்கே தாங்காதான்னு கேப்பீங்க. தேனீ வர்றதுக்கு முன்னாடியே உலகத்துல இருந்த குடும்பம் இது, பூவுக்குள்ள வந்து மேயறது வண்டுங்க, அதுங்க மெதிச்சாலும் தாங்கணும்னுதான் இந்த தடிமன்னு சொல்வாங்க. வண்டு காலுக்கு தாங்கும், ஃப்ராஸ்டுக்கு தாங்காது.

ஃப்ளீஸ்னு குளிருக்கு செடி மேல போடுற மெல்லிசு துணி போர்த்தலாமேன்னு யூட்யூப்ல ஈஸியா சொல்லிடுவாங்க. செடியா இருந்தப்ப போர்த்தினேன், காத்துல துணி உரசினதுலயே இதழ் பழுப்பாச்சு, விரல் பட்டாலே தடம் விழுற பூ அது. இப்ப மாடி உயரத்துக்கு யார் ஏறி போர்த்தறது. எங்க வீட்டு முன்பக்கம் கிழக்கு வேற, ராத்திரி உறைஞ்ச பூ மேல விடிஞ்சதும் நேரா வெயில் அடிச்சா சேதம் இன்னும் ஜாஸ்தி, மெதுவா உருக விட்டா கொஞ்சமாவது தப்பிக்கும். மேற்கு பாத்த எதிர்வீட்டுல இதே ரகம் எங்களோடத விட ரெண்டு மூணு நாள் கூட தாங்குது. எதிர்வீட்டு பாட்டி அத ஒவ்வொரு வருஷமும் மறக்காம சொல்லிடுவாங்க.

அம்மா ஒரு தடவ மார்ச்ல ஊர்லேர்ந்து வந்திருந்தப்போ பூத்துச்சு. பாத்துட்டு முதல்ல சொன்னது, என்னடி இது, இலையே இல்லாம பூக்குது, பட்டமரத்துல காகிதப் பூ ஒட்டி வச்சாப்ல இருக்கு. நம்ம செண்பகமும் இந்த மக்னோலியா இனம்தாம்மான்னேன். நம்பவேயில்ல. கீழ விழுந்த ஒண்ண எடுத்து மோந்து பாத்துட்டு, செண்பகம்னா தெருமுனையிலயே வாசம் வரும், இது மூக்குல ஒட்டி வச்சாதான் வருதுன்னுட்டாங்க. தலையில வைக்கலாம்னு பாத்தா பின்னு குத்துற இடம் உடனே பழுப்பாகுது. அப்புறம் இதழ வினிகர்ல ஊறப்போட்டு சாப்பிடறவங்க இங்க உண்டுன்னு சொன்னேன், லேசா இஞ்சிக் காரம் இருக்கும். அத மட்டும் ரசிச்சு கேட்டுக்கிட்டாங்க.

சரி, நியாயமாவும் பேசணும். ஃப்ராஸ்ட் வராத வருஷம் எப்படி இருக்கும்னா, தெருவுல நடக்குறவங்க நின்னுடுவாங்க. டெலிவரிக்கு வர்ற பையன் பார்சல கீழ வச்சுட்டு போட்டோ எடுப்பான். மத்த எந்த மரமும் கண்ணே திறக்காத நேரத்துல, சாம்பல் கலர் வானத்துக்கு கீழ, ஒரு இலை கூட இல்லாம கை அகலத்துக்கு பூ, கிளைக்கு கிளை, தெரு லைட்டுல ராத்திரி பாத்தா இன்னும் அழகு. பத்து நாள், காத்து மழை இல்லன்னா ரெண்டு வாரம். மீதி வருஷம் பூரா அது ஒரு சாதாரண பச்ச மரம், அவ்ளோதான்.

2022 ஜூலையில இங்கிலாந்துல கோனிங்ஸ்பிங்கற ஊர்ல 40.3 டிகிரி தொட்ட அந்த வாரம், மேலோட்டமா வேர் ஓடுற மரமாச்சே, இலை ஓரமெல்லாம் கருகிடுச்சு, ஆகஸ்ட்ல அரிசி கழுவின தண்ணி, காய் அலசின தண்ணி எல்லாம் பக்கெட்ல சுமந்து ஊத்தி, சுத்தி மரப்பட்டை தூள் போட்டு காப்பாத்தினேன். அந்த ஆகஸ்ட் கடைசியில இலைக்கு நடுவுல அங்கங்க திருட்டுத்தனமா பூ வந்துச்சு. சூலாஞ்சியானா சில வருஷம் அப்படி கோடையிலயும் கொஞ்சம் பூக்கும். ஃப்ராஸ்ட் பயமே இல்லாத பூ. இத எந்த லேபிளும் எனக்கு சொல்லல, அந்த நாலஞ்சு பூதான் எனக்கு மார்ச் கூட்டத்த விட பிடிச்சது.

அணில் மொட்ட கடிச்சு போடும், அது தனி வயித்தெரிச்சல், அதுக்கு வழி கிடையாது விட்டுடுங்க. வெட்டறதா இருந்தா கோடை நடுவுல மட்டும் கொஞ்சமா வெட்டுங்க. குளிர்காலத்துலயோ வசந்தத்துலயோ வெட்டினா வெட்டின இடத்துலேர்ந்து நீர் வடியும், ஜாஸ்தி வெட்டினா குச்சி குச்சியா நேரா கிளம்பும், பூவும் இருக்காது. போன வருஷம் என் வீட்டுக்காரர் மாடி ஜன்னல மறைக்குதேன்னு ரம்பத்தோட மார்ச்ல போய் நின்னார். அன்னைக்கு முழுக்க அவர்கிட்ட பேசல.

அதனால அந்த பொண்ணுக்கு என் பதில், வாங்காத. பாதி விலைன்னாலும் வாங்காத, பூத்த மரத்துக்கு முன்னாடி நின்னு எந்த முடிவும் எடுக்காத. மக்னோலியாதான் வேணும்னா சூசன் வாங்கு. 1950கள்ல வாஷிங்டன்ல இருக்குற அமெரிக்க தேசிய மரத்தோட்டத்துல, ஃப்ராஸ்டுக்கு தப்பி லேட்டா பூக்கணும்னே அந்த ஊதா லிலிஃப்ளோராவ ஜப்பான் ஸ்டெல்லாட்டாவோட கலந்து எட்டு ரகம் எடுத்தாங்க, ஆன், பெட்டி, ஜேன்னு வீட்டுப் பொண்ணுங்க பேரா வச்சிருப்பாங்க, சூசன் அதுல ஒண்ணு. மூணு மீட்டர் சுத்துல நிக்கும், சின்ன தோட்டத்துக்கு போதும், ஏப்ரல் பாதிக்கு மேலதான் பூக்கும், புத்திசாலி மரம். எனக்கு அந்த பூ அவ்ளோ பிடிக்காது, ஒல்லியா முறுக்கிக்கிட்டு இருக்கும், அது வேற விஷயம்.

சூலாஞ்சியானா எப்படி இருக்கும்னு பாக்கணும்னா அடுத்த வருஷம் மார்ச் மூணாவது வாரம் எங்க வீட்டுக்கு வா. நான் மெசேஜ் போட்ட அன்னைக்கே லீவு போட்டுட்டு வா, சனிக்கிழமை வரைக்கும் எல்லாம் காத்திருக்காத.