ரூ.23,400-க்குப் பச்சைத் தண்ணீர்: ரேடியேட்டர் வேலைக்குக் காரைக் கொடுப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும் மலைப்பாதையில் பர்லியாறைத் தாண்டிச் சற்று தூரத்தில், கடந்த ஞாயிற்றுக்கிழமை காலை, என் கார் நீராவியைக் கக்கிக்கொண்டு நின்றது. அதற்குப் பத்தொன்பது நாள்களுக்கு முன்புதான் அதே காரின் குளிர்விப்பு அமைப்பு முழுவதையும் சரிசெய்வதற்காக ரூ.23,400 கொடுத்திருந்தேன். வாங்கியவர்களின் பெயரைச் சொல்லப் போவதில்லை. புகார் கொடுக்க இருப்பதால் சொல்ல வேண்டாம் என்று வழக்கறிஞரான நண்பர் தடுத்திருக்கிறார். செயலி வழியாக வீட்டுக்கே ஆள் அனுப்பிக் காரை எடுத்துச் சென்று, தங்களோடு ஒப்பந்தம் வைத்திருக்கும் ஏதோ ஒரு பட்டறையில் வேலை பார்க்கவைத்துத் திருப்பிக் கொண்டுவந்து விடும் வகையைச் சேர்ந்தவர்கள் என்பது மட்டும் இப்போதைக்குப் போதும். நடந்ததை முதலில் சொல்லிவிட்டு, இந்த வேலைக்குக் காரைக் கொடுப்பவர்கள் என்னென்ன பார்க்க வேண்டும் என்பதையும் கடைசியில் விரிவாக எழுதுகிறேன்.

கார் 2013-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வாங்கிய சிறிய டீசல் கார். எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட், அதன் தொட்டியில் மாதத்துக்கு ஒரு விரற்கடை அளவு குறைந்துகொண்டே வந்தது; தரையில் சொட்டு இல்லை, சூடும் ஏறவில்லை. வழக்கமாக எங்கள் காரைப் பார்க்கும் மெக்கானிக் கண் அறுவைச் சிகிச்சை முடிந்து ஓய்வில் இருந்தார். உறவினர் வீட்டு நிச்சயதார்த்தத்துக்காக அம்மாவைக் குன்னூருக்கு அழைத்துச் செல்ல வேண்டியிருந்ததால், அவர் வரும்வரை காத்திருக்க முடியாது என்று முடிவெடுத்துச் செயலியில் பதிவு செய்தேன்.

அந்தக் காலையை இப்போது நினைத்தாலும் என் மேல்தான் எனக்கு முதலில் கோபம் வருகிறது. சீருடைச் சட்டை அணிந்த ஓர் இளைஞர் சொன்ன நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்னதாகவே வந்தார். காரின் நான்கு பக்கங்களையும், ஓடிய கிலோமீட்டரையும், டீசல் முள்ளையும் படம் எடுத்தார். ஓட்டுநர் இருக்கைக்குப் பிளாஸ்டிக் உறை போட்டு, ஸ்டீயரிங்கைச் சுற்றி மெல்லிய தாள் ஒட்டி, செருப்புக் கால் படும் இடத்தில் ஒரு காகித விரிப்பைச் சுருக்கமில்லாமல் நீவி விரித்தார். வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அம்மா, "காபி குடிச்சுட்டுப் போ கண்ணு" என்றார். "இருக்கட்டுங்கம்மா, அடுத்த வண்டி எடுக்கோணுங்க" என்று அவர் பணிவாகச் சொல்லிவிட்டு, என் கைபேசிக்கு வந்த ஓடிபி எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டு புறப்பட்டார். இந்த ஒழுங்கு இத்தனை ஆண்டுகளில் எந்தப் பட்டறையிலும் நான் காணாதது. அந்தக் காகித விரிப்பைப் பார்த்த நொடியிலேயே நான் நம்பிவிட்டேன். அதன் பிறகு நடந்த எதையும் நான் சோதித்துப் பார்க்கவே இல்லை.

அன்று மாலையே 'ஆலோசகர்' ஒருவர் அழைத்தார். ரேடியேட்டர் உள்ளுக்குள் அரித்துவிட்டது, வாட்டர் பம்ப்பிலும் கசிவு தொடங்கிவிட்டது, சூட்டுக்கேற்ப நீரோட்டத்தைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட் பழையது, மலைக்குப் போவதாக இருந்தால் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றிவிடுவதே பாதுகாப்பு என்றார். நான் தயங்கியதும், பதினான்கு நொடி ஓடும் ஒரு காணொளி வாட்ஸ்அப்பில் வந்தது. ரேடியேட்டரின் அடிப்பகுதியிலிருந்து பச்சை நீர் சொட்டுச் சொட்டாக விழுவது அதில் தெரிந்தது. நான் சம்மதித்தேன். ரேடியேட்டருக்கு 11,800, வாட்டர் பம்ப்புக்கு 4,900, தெர்மோஸ்டாட்டுக்கு 2,100, கூலன்ட்டுக்கு 1,800, கூலி 2,800. மொத்தம் ரூ.23,400. ஆறு மாத உத்தரவாதம் என்று ரசீதில் அச்சிட்டிருந்தார்கள். மூன்றாம் நாள் கார் கழுவித் துடைத்து, புதிய காகித விரிப்போடு வீட்டு வாசலில் வந்து நின்றது.

அடுத்த இரண்டு வாரங்கள் கோவைக்குள் ஓட்டியபோது, வெப்ப முள் முன்பு நிற்கும் நடுக்கோட்டுக்கு வராமல் அதற்கும் கீழேயே நின்றது. மைலேஜும் கொஞ்சம் குறைந்தது. நானோ, வேலை அவ்வளவு நன்றாக நடந்திருப்பதால்தான் வண்டி இவ்வளவு குளிர்ச்சியாக ஓடுகிறது என்று அலுவலகத்தில் இரண்டு பேரிடம் பெருமையாகச் சொன்னேன். எஞ்சின் ஏறக்குறைய 80 முதல் 90 டிகிரிவரை சூடேறி, அங்கேயே நிலைத்து ஓடுவதற்காகவே தெர்மோஸ்டாட் வைக்கப்பட்டிருக்கிறது என்பதும், சூடேறாமல் ஓடும் எஞ்சின் டீசலை அதிகம் குடிக்கும் என்பதும் அப்போது என் புத்தியில் ஏறவில்லை.

ஞாயிறு அன்று கல்லாறு வரையில் எந்தக் குறையும் இல்லை. கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கி, பேருந்துகளுக்குப் பின்னால் இரண்டாம் கியரில் ஊர்ந்து ஏறத் தொடங்கியதும் முள் நடுக்கோட்டைத் தாண்டியது. ஏசியை நிறுத்தினேன். எஞ்சினின் சூட்டைக் கொஞ்சம் வெளியே இழுக்கலாம் என்று ஹீட்டரை முழுவதும் திறந்தேன். முள் சிவப்பைத் தொடும் நிலையில் இருக்க, ஹீட்டரிலிருந்து வந்த காற்றோ சில்லென்று இருந்தது. சூடான நீர் ஹீட்டர் குழாய்க்கு வந்து சேரவே இல்லை என்பதுதான் அதற்குப் பொருள். ஓரங்கட்டுவதற்குள் முன்பக்கத்திலிருந்து புகை எழும்பிவிட்டது. அம்மா தண்ணீர்ப் பாட்டிலை நீட்டி, ரேடியேட்டர் மூடியைத் திறந்து ஊற்றச் சொன்னார். நல்லவேளையாக அதைச் செய்யவில்லை. கொதிக்கும்போது மூடியைத் திறந்து முகத்தை வேகவைத்துக்கொண்டவர் ஒருவர் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்.

ஏற்றிச் செல்லும் வண்டிக்கு ரூ.3,500 கொடுத்து மேட்டுப்பாளையம் வந்து சேர்ந்தோம். அங்கே ரேடியேட்டர் வேலை மட்டுமே செய்யும் ஒரு பெரியவரின் கடைக்குக் கொண்டுபோனார்கள். செம்பும் பித்தளையுமாக இருந்த அம்பாசிடர் ரேடியேட்டர்களுக்கு ஈயப்பற்று வைத்துப் பழகிய கை அவருடையது. அலுமினிய அடுக்குகளும் இரு பக்கமும் பிளாஸ்டிக் தொட்டியுமாக வரும் இக்கால ரேடியேட்டர்களை அவர் அவ்வளவாக மதிப்பதில்லை. எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு மூடியைக் கழற்றி, உள்ளே மிஞ்சியிருந்த பச்சை நீரை இரண்டு விரல்களுக்கிடையில் தேய்த்துப் பார்த்து, என் விரலிலும் தொட்டு வைத்தார். "கூலன்ட்டுன்னா வழவழன்னு ஒட்டும்ங்க சார். இது காயுது பாருங்க. தண்ணிங்க, சாயத் தண்ணி."

அதன் பிறகு அவர் ஒவ்வொன்றாகக் காட்டியதை நான் மறக்க மாட்டேன். தெர்மோஸ்டாட் இருக்க வேண்டிய உறையைக் கழற்றினார்; உள்ளே வெறும் ஓட்டைதான் இருந்தது. புதியது போட்டதாக ரூ.2,100 வாங்கியவர்கள், பழையதையும் எடுத்துவிட்டு அனுப்பியிருக்கிறார்கள். நீரோட்டம் தடையின்றிப் போவதால் நகரத்துக்குள் சூடு ஏறாது, வண்டிக்காரர் திரும்பி வர மாட்டார் என்பதுதான் கணக்கு. மேல் ரப்பர் குழாயை உருவினார். அதன் உட்புறத்தில் பழுப்புநிறச் சேறு ஒட்டி, அதில் மினுமினுக்கும் துகள்கள் கிடந்தன. கசிவை அடைக்கும் பொடியாம். அது ஓட்டையை மட்டும் பார்த்து அடைப்பதில்லை; ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் ஹீட்டரின் குழாய்களையும் சேர்த்தே அடைத்துவிடும். பம்ப்பின் திருகாணிகளில் பல ஆண்டுத் துரு அப்படியே இருந்தது. ஸ்பானர் பட்ட தடயமே இல்லை.

கடைசியாக ரேடியேட்டர். கறுப்பு ஸ்பிரே பெயின்ட் அடித்துப் புதிதுபோல் இருந்தது. பெயின்ட் அலுமினிய அடுக்குகளுக்கு இடையிலும் புகுந்து காற்றுப் போகும் வழியைப் பாதி அடைத்திருந்தது. பெரியவர் தின்னரில் துணியை நனைத்து, பிளாஸ்டிக் தொட்டியின் ஓரத்தை அழுத்தித் துடைத்தார். கடிகார முகம்போல ஒரு சிறு வட்டம், நடுவில் '12' என்ற எண், அதைச் சுற்றி மாதங்கள், பதினொன்றைக் காட்டும் அம்பு. அச்சில் வார்க்கும்போதே பதியும் உற்பத்தி மாதம் அது. 2012 நவம்பரில் செய்த ரேடியேட்டர், அதாவது கார் பிறந்தபோதே அதில் இருந்த ரேடியேட்டர்தான், ரூ.11,800-க்கு எனக்கே மறுபடியும் விற்கப்பட்டிருக்கிறது. அங்கேயே நின்று அந்தப் பதினான்கு நொடிக் காணொளியை மீண்டும் ஓட்டிப் பார்த்தேன். அதில் மேல் குழாய் இடப்பக்கமாக ஏறுகிறது. என் காரில் அது வலப்பக்கம். யாருடைய கார் அது என்று தெரியவில்லை.

முதலில் கூலன்ட் குறைந்ததற்கு என்னதான் காரணம் என்று கேட்டேன். மூடியைத் திருப்பிக் காட்டினார். அதன் ரப்பர் வளையம் பாளம் பாளமாக வெடித்திருந்தது. அந்த மூடி அழுத்தத்தைப் பிடித்து வைத்தால்தான் உள்ளே இருக்கும் நீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கும். பிடிக்காவிட்டால் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறிக்கொண்டே இருக்கும். மலையில் ஏற ஏறக் கொதிநிலை இன்னும் இறங்கும் என்பதால், கூலன்ட்டும் இல்லாமல் மூடியும் பிடிக்காமல் வெறும் தண்ணீரோடு நான் ஏறியது கிட்டத்தட்டத் திறந்த அண்டாவை அடுப்பில் வைத்து ஏறியதற்குச் சமம். "மூடி ஒண்ணு மாத்தியிருந்தா முடிஞ்சிருக்கும்ங்க" என்றார் பெரியவர். சில நூறு ரூபாய் வேலைக்கு ரூ.23,400.

சூட்டில் எஞ்சினின் மேல்பகுதியான சிலிண்டர் ஹெட் வளைந்துவிட்டது. ஹெட்டை இறக்கி, லேத்தில் ஃபேசிங் கொடுத்து, கேஸ்கட் மாற்றி, உண்மையான புதிய ரேடியேட்டரும் தெர்மோஸ்டாட்டும் போட்டு முடிக்க ரூ.41,000 ஆகும் என்று வேறொரு பட்டறையில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அதை நான் இன்னும் கணக்கில் சேர்க்கவே இல்லை.

இனி அவர்கள் பதில் சொன்ன அழகு. செயலியில் புகாரைப் பதிந்தவுடன், "தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம், 24 மணி நேரத்தில் தொடர்புகொள்வோம்" என்று வந்தது. இருபத்து நான்கு மணி நேரம் முடிந்தும் யாரும் அழைக்கவில்லை. புகார் 'தீர்க்கப்பட்டது' என்று மாறியிருந்தது. மீண்டும் பதிந்தேன். இம்முறை ஒரு பெண்மணி அழைத்து, கழற்றிய பழைய பாகங்களின் படங்களை அனுப்பச் சொன்னார். கழற்றவே இல்லையே அம்மா, அதுதானே என் புகார் என்றேன். "அப்படியென்றால் ஆதாரம் இல்லையே சார்" என்றார். உற்பத்தி மாதம் தெரியும் படத்தை அனுப்பினேன். மறுநாள் வேறொருவர் அழைத்து, வெளி ஆள் கை வைத்துவிட்டதால் உத்தரவாதம் செல்லாது, மேலும் தாங்கள் வாடிக்கையாளரையும் பட்டறையையும் இணைத்துவைப்பவர்கள் மட்டுமே என்றார். பணம் மட்டும் அவர்கள் கணக்குக்குத்தான் போயிருக்கிறது.

ரசீதின் அடியில் இருந்த முகவரியை வைத்துப் பட்டறைக்கே போனேன். உரிமையாளர் முகம் கொடுத்துப் பேசவில்லை, பேட்டரியைத் துடைத்துக்கொண்டே, "எங்களுக்கு அவிய குடுத்தது ஒம்பதாயிரமுங்க. அதுக்கு என்ன வருமோ அதத்தான் பண்ணிக் குடுத்தோம். நீங்க அவியகிட்டயே கேட்டுக்கோங்க" என்றார். ரூ.23,400-இல் ஒன்பதாயிரம் போக மிச்சம் எங்கே என்று திரும்பவும் செயலிக்காரர்களிடம் கேட்டேன். நேற்றிரவு பதில் வந்தது: நல்லெண்ண அடிப்படையில், அடுத்த சர்வீஸுக்கு ரூ.500 தள்ளுபடிக் கூப்பன். முப்பது நாள்களுக்குள் பயன்படுத்த வேண்டுமாம்.

அறிவுரை விரிவாக எழுதுவதாகச் சொன்னேன். அதற்கான பொறுமை இப்போது இல்லை, அவசரமாகச் சிலவற்றை மட்டும் சொல்கிறேன். கழற்றிய பாகங்களைத் திருப்பித் தர வேண்டும் என்று வேலைக்கு முன்பே எழுத்தில் கேளுங்கள். காணொளி அனுப்பினால் உங்கள் வண்டியின் எண் பலகையிலிருந்து தொடங்கி இடையில் வெட்டாமல் எடுக்கச் சொல்லுங்கள். கூலன்ட் குறைந்தால் முதலில் மூடியை மாற்றிப் பாருங்கள். ரேடியேட்டரை மாற்றச் சொன்னால், கைப்பம்ப் வைத்து அழுத்தம் ஏற்றி எங்கே கசிகிறது என்று உங்கள் கண்முன் காட்டச் சொல்லுங்கள். "நம்ம ஊர் வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் வேண்டாம்" என்று சொல்பவரிடம் காரை விடாதீர்கள். அடைப்புப் பொடியைத் தொடவே விடாதீர்கள். வேலை முடிந்த பிறகு முள் வழக்கத்தைவிடக் கீழே நின்றால் என்னைப்போல் மகிழாமல், உடனே திறந்து பாருங்கள்.

ஏமாந்துவிட்டவர்களுக்கு: தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. செயலி வழியாக விற்பவர்களின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாக ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும் என்று 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் சொல்கின்றன; ஆகவே தொலைபேசியில் கத்திக்கொண்டிராமல் மின்னஞ்சலில் எழுதி வையுங்கள். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய்வரை என்றால் கட்டணம் கிடையாது. நான் ரூ.23,400-ஐயும் அதனால் வந்த மற்ற செலவுகளையும் கேட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன். ரசீதுகளை நகலெடுக்க ஜெராக்ஸ் கடை மூடுவதற்குள் போக வேண்டும். மற்றவற்றை ஆணையத்தில் வழக்கு எண் கிடைத்த பிறகு எழுதுகிறேன்.