கல்லடி வாவியில் துடுப்புத் தோணிப் பயணம்: ஒரு மதிப்பீடு

மட்டக்களப்புக்கு வரும் வெளியூர்ப் பயணிகளில் பெரும்பாலோர் பாசிக்குடாவில் குளித்துவிட்டு, ஒல்லாந்தர் கோட்டை வாசலில் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த கடற்கரை நகரம் இது என்பதால், வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் அங்கே தங்கி வருகிறேன். அந்நகரில் ஒரு பயணி பணம் கொடுத்துப் பெறக்கூடிய சேவைகளுள், வாவியில் மீன்கள் பாடுவதாகச் சொல்லப்படும் ஒலியைக் கேட்பதற்கென்று கல்லடிப் பாலத்தருகே உள்ளூர் மீனவர்கள் இரவில் அழைத்துச் செல்லும் துடுப்புத் தோணிப் பயணத்தையே முதலிடத்தில் வைப்பேன். அதற்குப் பெயர்ப் பலகையோ, பற்றுச்சீட்டோ கிடையாது. கரையோரக் கடையிலோ தங்கும் விடுதியிலோ கேட்டால், தோணி வைத்திருக்கும் ஒருவரைக் காட்டிவிடுவார்கள்.

வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமானது. கடலோடு அது கலக்கும் முகத்துவாரம் நகரின் வடக்கே பாலமீன்மடுப் பக்கம் இருக்கிறது. 1913 ஆம் ஆண்டில் கட்டிய வெளிச்சவீடும் அங்கேதான் உள்ளது. பழைய கல்லடிப் பாலமான, பிரித்தானியர் காலத்து மானிங் சீமாட்டி பாலத்துக்கு அருகிலேயே 2013 இல் புதிய பாலம் திறக்கப்பட்டதிலிருந்து கனரக வாகனங்கள் அதன்மேல் ஓடுகின்றன. ஆதலால், பழைய இரும்புப் பாலத்தின் அடியில் இரவு ஒன்பது மணிக்குப் பின்னர் ஓரளவு அமைதி கிடைக்கிறது. மீன்களின் பாட்டைக் கேட்க அவ்விடமே பெயர் பெற்றது.

நாங்கள் ஏறிய தோணி மூன்று பேர் அமரக்கூடியது. அதை ஓட்டிய முதியவர், வாவியிலேயே தொழில் செய்து வளர்ந்தவர் என்பது அவர் துடுப்புப் போட்ட விதத்திலேயே தெரிந்தது. நீரைத் தொடும் ஓசைகூட எழவில்லை. பாலத்தின் தூண்களைக் கடந்து சற்றுத் தூரம் சென்றதும், அடியில் பாறை கிடக்கும் இடம் என்று சொல்லித் தோணியை நிறுத்தினார். துடுப்பின் ஒரு முனையை நீருக்குள் இறக்கி, மறுமுனையை என் பக்கம் நீட்டி, "பேசாம இரிங்க மனே, காத இதில வச்சுக் கேளுங்க" என்றார். முதலில் நீர் தோணியில் மோதும் ஒலியைத் தவிர வேறெதுவும் கேட்கவில்லை. பொறுமையாகக் காத்திருந்த பின்னர், துடுப்பின் மரத்துக்குள்ளிருந்து மெல்லிய அதிர்வு ஒன்று காதுக்கு ஏறியது. ஒன்று ஓய்வதற்குள் இன்னொன்று தாழ்ந்த தொனியில் எழ, பிறகு பல ஒலிகள் ஒன்றையொன்று மூடாமல் தனித்தனியாகக் கேட்டன. துடுப்பிலிருந்து காதை எடுத்தால் அவை உடனே மறைந்துவிடுகின்றன.

பிரித்தானியர் ஆட்சியில் இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட் 1848 செப்டெம்பரில் இதே வாவியில் இரவில் படகேறி இவ்வொலியைக் கேட்டு எழுதியிருக்கிறார். ஈர விரலால் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்க்கும்போது எழும் அதிர்வோடு அவர் அதை ஒப்பிட்டார். படகின் மரத்தில் காதை வைத்தபோது ஒலி பெருகியதையும், இடம் மாறினால் அது கேட்காமற் போனதையும் குறித்துள்ளார். அன்றைய மீனவர்கள் அதை மீனின் குரல் என்று சொல்லவில்லை. ஊரிகள் எனப்படும் சிப்பியினங்களின் அழுகை என்றே அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் தோணிக்காரரும் மீனா ஊரியா என்ற விவாதத்துக்குள் போகவில்லை. எந்த மாதத்தில் எந்தப் பாறையோரம் ஒலி தெளிவாகக் கேட்கும் என்பதை மட்டும் விரிவாகச் சொன்னார். அந்த அறிவுக்குத்தான் நாம் பணம் கொடுக்கிறோம் என்று கருதுகிறேன்.

இதே பயணத்தை இயந்திரப் படகிலும் ஏற்பாடு செய்து தருகிறார்கள். முன்னொரு தடவை ஒரு தங்குமிடத்தின் மூலம் அப்படி ஒரு படகில் ஏறினோம். கூடுதலான ஆட்களை ஏற்றிக்கொண்டு, ஒலிபெருக்கியில் பாட்டுப் போட்டு, பாலத்தடியில் சில நிமிடம் மட்டும் இயந்திரத்தை அணைத்துவிட்டுத் திரும்பிவிட்டார்கள். அவ்வளவு சத்தத்துக்குப் பின்னர் எதுவும் கேட்காததில் வியப்பில்லை. அப்படகில் வந்த கொழும்புக் குடும்பமொன்று, மீன் பாடுவதெல்லாம் கட்டுக்கதை என்று சொல்லிக்கொண்டே இறங்கிப் போனது. அதைக் கேட்க எனக்கு உண்மையிலேயே மனம் வருந்தியது. பகலில் முகத்துவாரத்தையும் கண்டற் காடுகளையும் சுற்றிப் பார்க்க இயந்திரப் படகு போதும். இரவில் கேட்பதற்கென்று செல்பவர் அதைத் தவிர்க்க வேண்டும்.

காலம் பார்த்துச் செல்வதும் அவசியம். சித்திரை தொடங்கிப் புரட்டாதி வரை வாவி தெளிந்து அமைதியாக இருக்கும். வடகீழ்ப் பருவமழை பிடித்துவிட்டால் வெள்ளநீர் வாவியில் இறங்கி, முகத்துவாரம் உடைத்துக்கொண்டு கடலுக்குப் போகும். அந்நாட்களில் எந்த மீனவரும் பயணிகளை இரவில் ஏற்ற மாட்டார், ஏற்றவும் கூடாது. நிறைநிலா இரவே சிறந்தது என்பது உள்ளூர் வழக்கு. ஆனால் நிறைநிலா நாளான போயா பொது விடுமுறை என்பதால் அன்றிரவு பாலத்தடியில் கூட்டமும் படகுகளும் நிறைந்துவிடுகின்றன. ஆகவே அதற்கு முந்திய இரவையோ மறுநாளிரவையோ தெரிந்தெடுப்பது நல்லது.

கரையேறிய பின்னர் உணவுக்கு அலைய வேண்டியதில்லை. கல்லடியிலேயே சிறிய சாப்பாட்டுக் கடைகள் உண்டு. நகரின் மையமான புளியந்தீவுக்குள் போனால் இன்னும் தெரிவு கிடைக்கும். காலையில் இறால் குழம்போடு பிட்டைச் சாப்பிட்டுவிட்டு, வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையிலிருந்து சட்டியில் வரும் எருமைத் தயிரைக் கித்துள் பனையின் பாகான கித்துள் பாணி ஊற்றி உண்ணாமல் ஊர் திரும்பக் கூடாது. நல்ல தயிர் கரண்டியால் வெட்டிய இடத்தில் அப்படியே நிற்கும். நீர் விட்டுக் கிடந்தால் அது பழைய சட்டி. நேரம் இருப்பவர்கள், பண்டைத் தமிழிசையையும் யாழையும் ஆராய்ந்த சுவாமி விபுலாநந்தரின் சமாதியைக் கல்லடி உப்போடையில் பார்த்துவிட்டு வரலாம்.

இச்சேவையில் குறைகளும் இருக்கின்றன. எனக்குப் பிடித்தது என்பதற்காக அவற்றை மறைக்க மாட்டேன். கட்டணம் ஆளுக்கு ஆள் மாறுகிறது; ஏறுமுன்னரே எவ்வளவு நேரம், எவ்வளவு பணம் என்று பேசிக்கொள்ள வேண்டும். அதற்காக அடிமாட்டு விலைக்குப் பேரம் பேசுவதும் முறையன்று, ஏனெனில் அந்த இரவு வலை போடப் போகாமல்தான் அவர் நமக்குத் தோணி தருகிறார். எல்லாவற்றையும்விடப் பெரிய குறை பாதுகாப்பு அங்கிகள் இல்லாமை. நாங்கள் ஏறிய தோணியில் ஒன்றுகூட இருக்கவில்லை. நீந்தத் தெரிந்த பெரியவர்கள் துணிந்து ஏறலாம். சிறுபிள்ளைகளை அங்கி இல்லாமல் ஏற்றிச் செல்லுமாறு எவருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். கல்லடியில் உள்ள விடுதிகள் சில அங்கிகளை வாங்கி வைத்து, இரவுப் பயணத்துக்கு இரவலாகக் கொடுத்தாலே இக்குறை தீர்ந்துவிடும். அதுவரை, கையோடு ஓர் அங்கியைக் கொண்டுபோவதும், கைவிளக்கை அணைத்து வைத்திருப்பதும், தோணிக்காரர் சொல்லும் இடத்தில் அசையாமல் அமர்ந்திருப்பதும் பயணியின் பொறுப்பு.