வாத்தியார் வீட்டு முற்றத்தில் கர்ண மோட்சம்

பாலக்கோட்டை அடுத்த சிற்றூர் ஒன்றில், கூத்து ஆடியும் கற்பித்தும் வாழ்ந்து மறைந்த வாத்தியார் ஒருவரின் நாட்டு ஓட்டு வீடு இருக்கிறது. அவருடைய பேரன்மார் அதைப் பூட்டிப் போடாமல், கோயில் அழைப்பு இல்லாத கோடைச் சனிக்கிழமை இரவுகளில் அதன் முற்றத்திலேயே கூத்து நடத்துகிறார்கள். சித்திரைக் கடைசியில் அங்கே கர்ண மோட்சம் பார்த்தேன்.

கட்டணம் கிடையாது; விடிவதற்குச் சற்று முன் தட்டு வரும். பாயும் தண்ணீரும் நாம்தான் கொண்டு போக வேண்டும்.

ஒன்பது மணிக்கே போய்விடுவது நல்லது. ஏனெனில், வாத்தியார் ‘கட்டை’ எனப்படும் மர அணிகளைச் செதுக்கிய பக்கத்து அறையை அப்போதுதான் திறந்து காட்டுகிறார்கள். கிரீடமும் புஜக்கட்டையும் மார்புப் பதக்கமும் கல்யாண முருங்கை மரத்தில் செய்யப்படுகின்றன. விடிய விடியச் சுமந்து ஆடுபவனுக்கு எடை குறைந்த மரமே உதவும் என்பது அதைக் கையில் வாங்கிப் பார்க்கும்போது விளங்குகிறது. கண்ணாடித் துண்டுகள் பாதி ஒட்டியும் பாதி ஒட்டாமலும் நின்றுபோன ஒரு கிரீடத்தை அவர் வைத்த இடத்திலேயே வைத்திருக்கிறார்கள். அதன் எதிரில் உட்கார்ந்துதான் அன்றைய கர்ணன் அரிதாரம் பூசிக்கொண்டார்.

கூத்து பத்தரைக்குத் தொடங்கியது. ஜமா எனப்படும் கூத்துக் குழுக்கள் பலவும் ஆர்மோனியத்தோடு நிறுத்திக்கொள்ளும் இக்காலத்தில், இங்கே சிறிய நாகசுரம் போன்ற ஊதுகருவியான முகவீணையும் இருந்தது. பதினைந்தடி தூரத்தில் அமர்ந்து அதைக் கேட்பதற்காகவே இந்தப் பயணம் தகும். இருவர் பிடித்த திரைக்குப் பின்னால் கிரீடத்தின் உச்சி மட்டும் தெரிய, சலங்கை ஒலிக்க, கர்ணன் தன்னைப் பற்றித் தானே பாடியபடி வந்தபோது, முன்வரிசைப் பிள்ளைகள் எழுந்து நின்றுவிட்டார்கள். கதையை நடத்திச் சென்று சிரிக்கவும் வைக்கும் கட்டியங்காரன் தமிழோடு தெலுங்கையும் கன்னடத்தையும் கலந்து பேசியது எல்லையோரத்து மக்களாகிய எங்களுக்கு வீட்டுப் பேச்சாகவே இருந்தது.

பதினேழாம் நாள் போருக்குப் புறப்படும் கர்ணன், தன்னைத் தேரோட்டி மகனென்று இகழ்ந்து ஒதுக்கிய மனைவி பொன்னுருவியிடம் விடைபெற வரும் கட்டமே அன்றைய இரவின் உயிர். பொன்னுருவி வேடமிட்டவர் ஐம்பதைக் கடந்த ஆண். அவர் குரலை உயர்த்தாமல், ஒரு விருத்தத்தின் கடைசி அடியைப் பாடாமலே விட்டுவிட, பின்பாட்டுக்காரர் அதை மெல்ல எடுத்து முடித்தார். பக்கத்திலிருந்த மூதாட்டி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும் தலையைக் குனிந்துகொண்டேன்.

குறை ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். ஒரு மணிக்கு மேல், தென்னையில் கட்டியிருந்த குழாய் ஒலிபெருக்கியை ஊர் முழுதும் கேட்கும் அளவுக்கு ஏற்றிவிட்டார்கள். அதன்பின் முகவீணை வெறும் கீச்சொலியாயிற்று. பின்பாட்டு காணாமலே போயிற்று. கோயில் திடலில் ஆயிரம் பேருக்கு அது தேவைப்படலாம். நூறு பேர் நெருங்கி அமரும் முற்றத்தில் மத்தளமும் தொண்டையுமே போதும் என்பதை அந்த முதல் இரண்டரை மணி நேரமே காட்டிவிட்டது. பெண்களுக்கு ஒரே ஒரு கழிப்பறை என்பதும் இரவு முழுதும் நடக்கும் நிகழ்ச்சிக்குப் பொருந்தாது. இவ்விரண்டையும் பேரன்மாரிடம் நேரிலேயே சொன்னேன், பொறுமையாகக் கேட்டார்கள்.

கிருஷ்ணன் அந்தணனாக வந்து கர்ணனின் தருமப் பலனை யாசிக்கும்போது கிழக்கு வெளுத்திருந்தது. அந்நேரத்தில் மின்சாரம் நின்று ஒலிபெருக்கியும் அடங்கிவிட, தானத்தைத் தாரை வார்க்கும் பாட்டை முழுவதுமாக, அந்தக் குரலிலேயே கேட்டோம்.