பரங்கிமலை: படி ஏறிப் போனா வொர்த்தா?

மலைன்னு பேரு தான், உயரம் 300 அடி கிட்ட தான் வரும், ஆனா சுத்தி சென்னை மொத்தமும் தட்டையா கெடக்குறதால இந்த உயரமே தாராளம். மேல போனதும் எல்லாரும் நேரா ஏர்போர்ட் பக்கத்து சுவருக்குத் தான் போறாங்க. ரன்வே முழுசா தெரியுது, ப்ளைட் ஓடி வர்றது, மூக்கத் தூக்குறது, சக்கரத்த உள்ள இழுக்குறது எல்லாம் பாத்துட்டே இருக்கலாம், குழந்தைங்கள கூட்டிட்டுப் போனா திரும்ப கூப்பிடுறது தான் கஷ்டம். ஒண்ணு, 5 மணிக்கு வெயில் அந்தப் பக்கம் இருந்தே அடிக்கும், கண்ணு கூசும். கொஞ்சம் பொறுத்து இருட்டுற நேரம் வரைக்கும் இருந்தா லைட்டெல்லாம் போட்டதும் செமயா இருக்கும்.

சர்ச் சின்னது தான், 1523ல போர்ச்சுகீசியர் கட்டுனது. பீடத்துல இருக்குற கல் சிலுவைய விட்றாதீங்க, சர்ச் வந்த அப்புறம் 1547ல இங்க தோண்டும்போது கெடச்சதாம், அதுல பஹ்லவி எழுத்து வேற இருக்கு, மைலாப்பூர் பக்கம் பாரசீக எழுத்து எப்படி வந்துச்சுன்னு யோசிச்சாலே அரை மணி நேரம் போயிடும். அந்தச் சிலுவைல ரத்தம் வேர்த்துச்சுன்னு ஒரு நம்பிக்கை உண்டு, அதனால டிசம்பர் திருவிழா சமயத்துல கூட்டம் இருக்கும், அமைதியா பாக்கணும்னா அப்ப வேணாம்.

எனக்கு வருத்தம் என்னன்னா, இந்திய நிலத்த அளந்த பிரிட்டிஷ் சர்வேயர் லாம்டன் சிலைய யாருமே கண்டுக்கல. 1802 ஏப்ரல் 10, இந்த மலையடிவாரத்துல தான் மனுஷன் சங்கிலி போட்டு ஏழரை மைல் கோடு அளக்க ஆரம்பிச்சாரு, அத வச்சு முக்கோணம் முக்கோணமா வடக்க போய்ட்டே இருந்து கடைசில எவரெஸ்ட் 29,002 அடின்னு கணக்குப் போட்டாங்க, அவரு 1823லயே போயிட்டாரு, அது வேற கதை. இப்ப அந்தச் சிலை பக்கத்துல நின்னு எல்லாரும் ப்ளைட்டத் தான் போட்டோ எடுக்குறாங்க!!

எலக்ட்ரிக் ட்ரெயின், மெட்ரோ ரெண்டும் பரங்கிமலை ஸ்டேஷன்ல நிக்கும், அங்க இருந்து அடிவாரத்துக்கு ஆட்டோ பிடிச்சுக்கலாம். படி நூறுக்கு மேல இருக்கு, அர்மீனிய வியாபாரி உஸ்கான் போட்டுக் குடுத்தது, சைதாப்பேட்டைல பழைய மர்மலாங் பாலம் கட்டுனவரும் இவரே தான். முட்டி வலிக்காரங்க பயப்பட வேணாம், கார் போற ரோடு தனியா இருக்கு. மதியத்துல மட்டும் போயிடாதீங்க, படி கொதிக்கும். 5க்கு 4.