த்ரெட்ரிப்பர் 7960எக்ஸ்: வேலையில் குறையில்லை, விலையில் போட்டியில்லை

அனிமேஷனுக்கான நீர், புகை சிமுலேஷன் செய்வது என் பிழைப்பு. கிராஃபிக்ஸ் கார்டின் மெமரிக்குள் அடங்காத பெரிய காட்சிகளை பிராசஸரில்தான் ஓட்டியாக வேண்டும். ஏஎம்டி நிறுவனத்தின் உயர்ரக பிராசஸர் வரிசைதான் த்ரெட்ரிப்பர். அதில் பல வருஷம் உழைத்த 1950எக்ஸை ஓரங்கட்டிவிட்டு, 24 கோர் (பிராசஸருக்குள் தனித்தனியாகக் கணக்குப் போடும் பகுதி) கொண்ட 7960எக்ஸுக்கு மாறினேன். பழையதன் உச்ச வேகமே 4 கிகாஹெர்ட்ஸ்தான். புதியதன் அடிப்படை வேகமே 4.2. முன்பு ராத்திரி ஓடவிட்டுத் தூங்கப் போவேன். இப்போது அதே காட்சியைப் பகலிலேயே இரண்டு மூன்று விதமாக மாற்றி ஓட்டிப் பார்க்க முடிகிறது. வேகத்தைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

விலைதான் உறுத்துகிறது. 2016இல் இன்டெல் தன் 10 கோர் 6950எக்ஸுக்கு 1,723 டாலர் கேட்டது. தட்டிக் கேட்கப் போட்டியாளர் இல்லை, அதனால் கேட்டார்கள். மறுவருஷம் ஆகஸ்டில் ஏஎம்டி 16 கோர் 1950எக்ஸை 999 டாலருக்கு இறக்கியது. 2019இல் இன்டெல்லே 18 கோர் பிராசஸரின் விலையை 1,979 டாலரிலிருந்து 979க்குக் குறைத்தது. தொழில்நுட்பம் ஒரே வருஷத்தில் பாதி மலிவாகிவிடவில்லை. எதிரில் ஒருவன் கடை விரித்தான், அவ்வளவுதான்.

அப்புறம் த்ரெட்ரிப்பருக்குப் போட்டியான இந்த உயர்ரக வரிசையை இன்டெல் அதோடு நிறுத்திக்கொண்டது. உடனே காற்று திசை மாறியது. 24 கோர் 3960எக்ஸ் 2019இல் 1,399 டாலர். அதே 24 கோருக்கு 2023 நவம்பரில் வந்த 7960எக்ஸ் 1,499. 64 கோர் வேண்டுமென்றால் 3,990 டாலராக இருந்தது 4,999 ஆகிவிட்டது. நடுவில் வந்த 5000 வரிசையில் விலை கூடிய ‘ப்ரோ’ ரகம் மட்டும்தான். எங்களைப் போன்றவர்களுக்கென்று ஒன்றுமே இல்லை. அன்று இன்டெல்லைத் திட்டிய வாயால் இன்று ஏஎம்டியைத் திட்டாமல் இருப்பது நியாயமா?

ஒரு படி கீழே, சாதாரண டெஸ்க்டாப் பிராசஸர்களுக்கு இறங்கினால் நிலவரமே வேறு. 2019இல் 749 டாலருக்கு வந்த ஏஎம்டியின் 16 கோர் ரைசன், 2024இல் 9950எக்ஸாக 649க்கு வந்தது. அங்கே இன்டெல் இன்னும் மல்லுக்கட்டுகிறது: அதன் கோர் அல்ட்ரா 9 285கே 2024இல் 589 டாலருக்கு வந்தது. அதிலும் 24 கோர்தான், ஆனால் அவற்றில் 16 வேகம் குறைந்த சிறிய கோர்கள். எண்ணிக்கையை மட்டும் பார்த்து ஒப்பிடாதீர்கள்.

அப்படியானால் 7960எக்ஸ் எதற்கு? நான்கு சேனல் மெமரிக்கும் (ரேமுக்கு ஒரே நேரத்தில் நான்கு பாதைகள்) பிசிஐஇ லேன்களுக்கும் (கிராஃபிக்ஸ் கார்டு, எஸ்எஸ்டி போன்றவற்றை பிராசஸரோடு இணைக்கும் பாதைகள்) தான். இரண்டு கிராஃபிக்ஸ் கார்டுக்கும் தலா 16 லேன் கொடுத்தபிறகும் எஸ்எஸ்டிக்களுக்கு மிச்சமிருக்கிறது. 9950எக்ஸில் இரண்டு கார்டும் எட்டு எட்டாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். இது உங்கள் வேலைக்குத் தேவையில்லை என்றால் யோசிக்காமல் 9950எக்ஸை வாங்குங்கள். மாடலிங் போல ஒரே கோரை நம்பியிருக்கும் வேலையில் அது இதை முந்தவும் செய்யும்.

பிராசஸரின் விலையோடு செலவு முடிவதில்லை. மதர்போர்டு தனி ரகம், சாதாரண டெஸ்க்டாப் போர்டைவிட நன்றாகவே விலை கூடியது. சாதாரண டிடிஆர்5 ரேம் ஸ்லாட்டிலேயே உட்காராது, சர்வர்களில் போடும் ஆர்டிம் வகைதான் வேண்டும். 350 வாட் சூட்டைத் தாங்கும் கூலரும் பெரிதாக இருக்க வேண்டும்.

புதிதாக வாங்குபவர்கள் 2025 ஜூலையில் வந்த 9960எக்ஸைப் பாருங்கள். அதுவும் 24 கோர், அறிமுக விலை அதே 1,499 டாலர், பயாஸை (மதர்போர்டின் அடிப்படை மென்பொருள்) அப்டேட் செய்தால் இதே போர்டில் ஓடும். எதை வாங்கினாலும் ரேமை நான்கு ஸ்டிக்காகவே வாங்குங்கள். இரண்டை மட்டும் செருகினால் மெமரி வேகம் பாதியாகிவிடும்.