பாரிமுனையில் ‘விமான வெள்ளிக் காசு’ வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

பாரிமுனைப் பக்கம் பழைய காசு தேடிப் போகிறவர்கள் கொஞ்சம் உஷாராக இருங்கள். ரைட் சகோதரர்களின் விமானம் பொறித்த அமெரிக்க நாணயத்தை வெல்வெட் பெட்டியில் வைத்து, “வெள்ளிக் காசு சார், மேல தங்க முலாம், அமெரிக்க கவர்மெண்டே போட்டது, உலகத்துலயே கொஞ்சந்தான் இருக்கு” என்று 3,500 ரூபாய்க்கு என் தலையில் கட்டிவிட்டார்கள். விமானப் பைத்தியமான அக்கா மகனுக்குப் பிறந்தநாள் பரிசாக வாங்கியது.

நாணயம் போலி இல்லை. அதுதான் இதில் உள்ள சாமர்த்தியம். ஓஹையோ மாநிலத்துக்காக 2002-இல் வெளியான கால் டாலர் அது. மாநில வரைபடத்தின் மேல் ஒரு விமானமும் ஒரு விண்வெளி வீரரும் இருப்பார்கள். ரைட் சகோதரர்கள் சைக்கிள் கடை வைத்திருந்த டேட்டன் நகரம் அங்கேதான் இருக்கிறது. முதலில் பறந்தது எங்கள் மண்ணில் என்று வட கரோலினா 2001-லேயே தன் காசில் விமானத்தைப் போட்டுக்கொண்டது வேறு கதை.

ஆனால் ஓஹையோ காசு 60 கோடிக்கு மேல் அடிக்கப்பட்டது. நடுவில் செம்பு, இருபுறமும் செம்பு-நிக்கல் கலவை, மதிப்பு 25 சென்ட். தங்க முலாம் அரசு பூசியதல்ல, தனியார் வியாபாரிகள் பூசி விற்பது.

தங்கசாலைத் தெருவில் தெரிந்த நகைக்கடைக்காரரிடம் காட்டினேன். தராசு 5.68 கிராம் காட்டியது. சாதாரணக் காசின் எடை 5.67, சேகரிப்பாளர்களுக்காக வெள்ளியில் அடித்தது 6.25 இருக்க வேண்டும். அந்த வெள்ளிக் காசில் வாஷிங்டனின் குடுமிக்குப் பக்கத்தில் சான் பிரான்சிஸ்கோவைக் குறிக்கும் ‘எஸ்’ இருக்கும், என்னுடையதில் ‘பி’. அப்புறம் விளிம்பை உரைகல்லில் லேசாக இழுத்தார். மஞ்சள் போய்ச் சிவப்பு எட்டிப் பார்த்தது. “எங்க தம்பி வாங்குனீங்க?” என்று சிரித்தார். கோபப்படக்கூடத் தோன்றவில்லை.

கடைக்குத் திரும்பிப் போனால், “முலாம்னு சொல்லித்தானே குடுத்தோம்” என்றார்கள். சரி, வெள்ளி எங்கே என்றால், “வெள்ளி மாதிரின்னு சொன்னேன்.” பில் என்று கொடுத்தது வெறும் துண்டுச் சீட்டு, அதில் ‘காயின் 1’ என்பதோடு சரி. பெட்டிக்குள் இருந்த சான்றிதழிலும் உலோகம் என்ன, எடை என்ன என்று ஒரு வரி இல்லை. பாதிப் பணமாவது கொடுங்கள் என்றதற்கு, வேண்டுமானால் வேறு காசு மாற்றிக்கொள்ளச் சொன்னார்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் சொல்லியிருக்கிறேன். துண்டுச் சீட்டை வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் போகும் என்று தெரியவில்லை. அதே கடையில் இதே பெட்டிகள் இன்னும் அடுக்கியிருக்கின்றன. வாங்குவதாக இருந்தால் உலோகத்தையும் எடையையும் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள்; எழுதத் தயங்கினால் வெளியே வந்துவிடுங்கள்.